அறையின் அளவு

ஜூன் 6

அக்காவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் இல்லை. வேலை விஷயமாக எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், அப்புறம் அத்தான் போனைப் பிடுங்கி, "சரி சரி, ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு பேசுங்க" என்பார். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ அனுப்பும் மின்னஞ்சலை என் கணினி எனக்கு வாசித்துக் காட்டும். அதற்குள் ஒரு பெண் குரல் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையையும் கரண்ட் பில்லையும் ஒரே மாதிரி வாசிப்பாள். உன் கோபத்தை அவள் வாயால் கேட்பது எனக்கு எவ்வளவோ மேல்.

பள்ளியில் என் கண் விஷயம் தெரிந்துவிட்டது. கரும்பலகையில் எழுதிய வரியின் மேலேயே அடுத்த வரியையும் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் பெரிய டீச்சர் தன் அறைக்குக் கூப்பிட்டு, எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் அவர் யாருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேதியியலை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, என்னை அலுவலகத்தில் போன் எடுக்க உட்கார வைக்கலாம் என்று நிர்வாகத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

நான் விடவில்லை. ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுகிறேன், நீங்களும் நிர்வாகத்தாரும் கடைசி பெஞ்சில் உட்காருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார். ஜூலைக் கடைசியில் வகுப்பு. அதில் சொதப்பினால் அதோடு என் டீச்சர் வேலை முடிந்தது.

பாடத்தையும் முடிவு செய்துவிட்டேன்: மெழுகு ஏன் நிற்கிறது, எண்ணெய் ஏன் ஓடுகிறது. மெழுகில் கலக்கிற ஸ்டீயரிக் அமிலம் ஒன்று, எண்ணெயில் இருக்கிற ஓலிக் அமிலம் ஒன்று. இரண்டும் நீளத்தில் சமம், தலையும் ஒரே தலை. ஓலிக்குக்கு மட்டும் இடுப்பில் ஒரு வளைவு. நேரானவை ஒட்டி ஒட்டி அடுக்கிக்கொள்ளும், அதனால் கட்டியாக நிற்கும். வளைந்தவற்றுக்கு அது எளிதில் முடியாது, அதனால் ஓடும். இதைப் பலகையில் வரைய இனி என்னால் ஆகாது. ஆனால் மாதிரி செய்து பிள்ளைகள் கையில் கொடுத்தால் தொட்டே தெரிந்துகொள்வார்கள். எனக்கும் கண் தேவையில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு அச்சுக்கடைக்காரர் இருக்கிறார். உடைந்த கைப்பிடி, மிஷின் பல்சக்கரம் என்று எதையும் முப்பரிமாண அச்சு மிஷினில் பிளாஸ்டிக்கில் எடுத்துக் கொடுப்பார். "ஃபைல் மட்டும் கொண்டாங்க டீச்சர், யானையைக்கூட எடுத்துத் தர்றேன்" என்கிறார். எனக்கு யானை வேண்டாம். எந்த அணு எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண்கள் வேண்டும். உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, அந்த எண்களைத் தேடி எடுத்து மாற்றிக் கொடுப்பதையே வேலையாகச் செய்கிறவள் எனக்கு அக்காவாக வாய்த்திருக்கிறாள். அதனால் கேட்கிறேன்.

இன்னொன்று. நீ என் சமையலறையை மாற்றி அடுக்கிவிட்டுப் போன மறுநாள், உப்பு என்று நினைத்துச் சோடா மாவை அள்ளிப் போட்டேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தெரிந்துகொள்.

உன் தங்கை

*

ஜூன் 8

வாலு,

கடிதத்தில் உன் பெயரைப் பார்த்ததும் திறக்கவே பயமாக இருந்தது. அத்தான்தான் திறந்தார். "வேலை விஷயமாம், நீ பயப்படாதே" என்றார். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. சரி, போகட்டும்.

நீ கேட்டதை அன்றைக்கே உட்கார்ந்து செய்துவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் எனக்கு இது அன்றாட வேலைதான். காகிதத்தில் தட்டையாக வரைந்த படத்தைக் கொடுத்தால், ஒரு கணினி நிரல் ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று எண்கள் கொடுக்கும்: நீளவாக்கில், அகலவாக்கில், உயரவாக்கில். பள்ளிக்கூடக் கணக்கில் ஆயத்தொலைவு என்று நீ படித்ததேதான். முதலில் வரும் வடிவம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், அங்கங்கே இடித்துக்கொண்டு நிற்கும். பிறகு இன்னொரு கணக்கு ஓட்டி, எப்படி இருந்தால் அதற்கு நிம்மதியோ அப்படிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இரண்டு அமிலங்களையும் நன்றாக ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். உன் அச்சுக்கடைக்காரருக்கு அணு கணக்கு புரியாது, அவருக்கு மேல்தோல் மட்டும் போதும். அதனால் உருண்டைகளையும் அவற்றை இணைக்கும் குச்சிகளையும் ஒரே மேற்பரப்பாக மாற்றி அனுப்பியிருக்கிறேன். அப்படியே கொடுத்துவிடலாம்.

சமையலறை பற்றி. கத்தியை உயரத்தில் வைத்தது தப்பா? அடுப்புக்கு மேலே தட்டில் இருந்த எண்ணெய் ஜாடியைக் கீழே இறக்கியது தப்பா? டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். நேர்ப் பார்வை போய்விடும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும் என்றார். அதைக் கேட்டுவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? நீ அன்றைக்கு, "இது என் வீடு, உன் லேப் இல்லை" என்று கத்தினாயே, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதனால்தான் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். இங்கே வந்துவிடு. மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. அந்த வேலைக்காக யார் யாரிடமோ பரீட்சை எழுத வேண்டுமா நீ? நீ அங்கே தன்னந்தனியாக இருக்கிறாய் என்ற நினைப்பு வந்தால் எனக்குக் கையில் எடுத்த சோறு இறங்குவதில்லை.

அக்கா

*

ஜூன் 19

அக்காவுக்கு,

மாதிரிகள் வந்தன. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் நானும் மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தோம். தையல்காரம்மா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ன டீச்சர், நாய்க்குட்டி சுருண்டு படுத்த மாதிரி இருக்கு" என்றார். அடுத்ததை எடுத்தார். அதுவும் சுருண்ட நாய்க்குட்டி. எது மெழுகு, எது எண்ணெய்? எனக்கே தெரியவில்லை. உலகத்தில் உள்ள எல்லாப் புத்தகத்திலும் ஸ்டீயரிக் அமிலம் குச்சி மாதிரி நேராக இருக்கிறது. நீ அனுப்பியது மட்டும் தன் வாலைத் தானே கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறது.

ஒழுங்குபடுத்தினாயாம்! உன்னை யார் ஒழுங்குபடுத்தச் சொன்னது? நான் கேட்டது மெழுகுக்குள் அது எப்படி இருக்கிறதோ அப்படி. நீ என்ன செய்தாய்? பக்கத்தில் யாருமே இல்லாமல், காற்றுகூட இல்லாத இடத்தில் அதைத் தனியாகப் போட்டு, நிம்மதியாக இரு என்றாய். அது என்ன செய்யும் பாவம்? பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, தன்னையே பிடித்துக்கொண்டது.

என் விஷயத்திலும் நீ போடுவது இதே கணக்குத்தான். தன்னந்தனியாக இருக்கிறேனாம். இந்தத் தையல்காரம்மா காலையில் பால் பாக்கெட்டோடு மேலே வந்தால் என் புடவை மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் இறங்குவதில்லை. அச்சுக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என்னை ரோடு தாண்ட வைத்துவிட்டுப் போகிறார், அதுவும் வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான் படியிறங்கும்போது வேண்டுமென்றே சத்தமாகப் பேசிக்கொண்டு முன்னால் போகிறார்கள், நான் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க. எனக்குத் தெரியாது என்று நினைப்பு அவர்களுக்கு. இவர்களையெல்லாம் கழித்துவிட்டு என்னைக் கணக்குப் போட்டால் நானும் சுருண்டுதான் கிடப்பேன்.

மாடி அறை பற்றி இனி எழுதாதே. எனக்கு நேரான குச்சி வேண்டும். நாள் ஓடுகிறது, பயமாகவும் இருக்கிறது. இதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உன் தங்கை

*

ஜூன் 21

வாலு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படித்திருக்கக்கூடாது. பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கணக்கு தப்பில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தனியாக விட்டால் அந்த வடிவம்தான் வரும், யார் போட்டாலும் வரும். மருந்து வேலையில் எங்களுக்கு அதுவே போதும், அதன் பிறகு நடப்பதை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். பழக்கதோஷத்தில் உனக்கும் அதையே செய்தேன். நீ மெழுகு என்று சொல்லியிருந்தாய். மெழுகுக்குள் அது கூட்டத்தோடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததில்லை, யோசிக்கவில்லை. அவ்வளவுதான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது வேறு வழியில் போயிருக்கிறேன். படிகத்தை எக்ஸ்ரேயில் வைத்து, அணுக்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று அளந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுகளை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு பொதுச் சேமிப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே தேடி உன் இரண்டு அமிலங்களையும் எடுத்துவிட்டேன். நேராக இருக்கிறது, வாலு. கோடு கிழித்த மாதிரி. நான் ஒன்றையும் ஒழுங்குபடுத்தவில்லை, கை வைக்கவில்லை. எடுத்ததை எடுத்தபடி மேல்தோலாக மாற்றி இன்றைக்கே அனுப்புகிறேன், நாள் வீணாகக்கூடாது.

நீ பயமாக இருக்கிறது என்று எழுதியதைப் பல தடவை படித்தேன். சின்ன வயதில்கூட நீ அப்படிச் சொன்னதில்லை.

அக்கா

*

ஜூலை 1

அக்கா,

அச்சுக்கடைக்காரர் போன் செய்தார். "டீச்சர், இதுல நாப்பது எடுக்கணும்னு சொன்னீங்க, நான் ஒண்ணு மட்டும் எடுத்துப் பார்த்தேன். தப்பா நினைக்காதீங்க, இது மெழுகா, இல்ல கால்ல குத்துற நெருஞ்சி முள்ளா?"

போய் வாங்கிப் பார்த்தேன். கோலிகுண்டு அளவில் ஒரு கட்டி. சுற்றிலும் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்கு வர வேண்டியது ஒரு கோலிகுண்டுக்குள் அடைந்து கிடக்கிறது. எல்லா அணுவும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேச முடியாமல் சிரித்தோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அழுகை வந்தது, அது வேறு விஷயம்.

கோபம் இல்லை அக்கா. நிஜமாகவே இல்லை. என்ன ஆயிற்று என்று மட்டும் பார்த்துச் சொல்.

உன் தங்கை

*

ஜூலை 2

வாலு,

தலையில் அடித்துக்கொண்டேன். அத்தானிடம் சொன்னேன், அவர் சிரித்த சிரிப்பில் காபி சட்டையெல்லாம் சிந்தியது. இருபது வருஷமாக இதே வேலை பார்க்கிறேன் என்று வெளியில் சொல்லாதே.

படிகத்தை அளக்கிறவர்கள் இடத்தை நீளத்தால் சொல்வதில்லை. படிகம் என்பது ஒரே மாதிரி சின்னச் சின்ன அறைகள் வரிசையாக ஒட்டி நிற்பது மாதிரி. ஓர் அணு எங்கே என்று கேட்டால், அறையின் நீளத்தில் கால் பங்கு தூரம், அகலத்தில் பாதி, உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று பங்காகத்தான் எழுதி வைப்பார்கள். அறை எவ்வளவு பெரியது என்பது அதே ஃபைலில் மேலே தனியாக இருக்கும். பங்கை அந்த அளவால் பெருக்கினால்தான் நிஜ இடம் கிடைக்கும். நான் அவசரத்தில் பங்குகளையே நீளம் என்று எடுத்துக்கொண்டேன். அறையின் அளவைப் பார்க்கவே இல்லை. பங்கு ஒன்றைத் தாண்டாது, அதனால் மொத்தமும் ஒரு கோலிகுண்டுக்குள் போய் அடைந்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. உன் சமையலறையிலும் இதைத்தான் செய்திருக்கிறேன் இல்லையா? என் வீட்டில் எது எங்கே இருக்குமோ அதே கணக்கில் உன் வீட்டிலும் வைத்தேன். உன் அறையின் அளவை நான் பார்க்கவில்லை. ஜாடியிலிருந்து உன் கைக்கு எவ்வளவு தூரம், அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி, எதையும் உன்னிடம் கேட்கவில்லை.

இந்தத் தடவை பெருக்கி, படத்தில் வைத்துப் பார்த்து, ஸ்கேலால் திரையிலேயே அளந்து பார்த்துவிட்டேன். நேராக, சாணுக்குச் சற்று அதிகமாக வரும். ஒரு விஷயம் மட்டும் உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது, இந்த ஃபைலில் அவற்றின் இடமே இல்லை. மற்ற அணுக்களை வைத்து அவை எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு நான் சேர்க்கலாம். சேர்க்கட்டுமா? உனக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். நீ சொல்கிறபடி.

இன்னொன்று பார்த்தேன். அறைக்குள் இவை ஒற்றை ஒற்றையாக இல்லை. ஜோடி ஜோடியாக, தலையோடு தலை சேர்த்துப் படுத்திருக்கின்றன. ஒன்றின் தலை மற்றதன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம். நாம் அப்படித்தானே படுத்திருந்தோம், கட்டில் இரண்டையும் தலைமாட்டில் ஒட்டிப் போட்டுக்கொண்டு? விளக்கை அணைத்த பிறகு நீ என் முடியைப் பிடித்து இழுத்துக் கதை கேட்பாய்.

அக்கா

*

ஜூலை 3

அக்கா,

சேர்.

கேட்டதற்கு நன்றி. நீ எதையாவது செய்வதற்கு முன்னால் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கணினிக்காரியை அந்த வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

உன்னிடம் ஒரு விஷயம் மறைத்துவிட்டேன். நீ போன பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன், கத்தரிக்கோலைத் தவிர. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாயே, அந்த இடம் நல்ல இடம். கை தானாகப் போகிறது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

தங்கை

*

ஜூலை 15

வாலு,

ஃபைல் சரியாக வந்ததா? அச்சுக்கடைக்காரர் என்ன சொன்னார்? பதிலே இல்லை. நான் கேட்க வருவது அதுவும் இல்லை. வகுப்பு அன்றைக்கு நான் வரட்டுமா? ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஓரமாக நின்றுகொள்கிறேன். லீவு சொல்லிவிட்டேன், ஆனால் நீ வேண்டாம் என்றால் ரத்து செய்துவிடுகிறேன்.

அக்கா

*

ஜூலை 16

அக்கா,

எல்லாம் வந்துவிட்டது. நேரானது இருபது, வளைந்தது இருபது. கையில் எடுத்தாலே தெரிகிறது, ஒன்று பேனா, இன்னொன்று முழங்கை. அச்சுக்கடைக்காரர் அளந்து பார்த்து, "உங்க அக்கா இப்பதான் வழிக்கு வந்திருக்காங்க" என்றார். இதை நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். தையல்காரம்மா நூல்கண்டு வரும் அட்டைப்பெட்டியில் ஒரே அளவாக இரண்டு பொறுக்கிக் கொடுத்திருக்கிறார். இருபது நேர்க்குச்சிகளையும் அடுக்கினால் மூடி கச்சிதமாக இறங்குகிறது. வளைந்ததை அள்ளிப் போட்டால் மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. பாடம் மொத்தமும் அந்த மூடியில்தான்.

நீ வராதே. கோபித்துக்கொள்ளாதே, சொல்வதைக் கேள். நீ ஓரமாக நின்றாலும் நான் உன் தங்கையாகிவிடுவேன். அன்றைக்கு நான் டீச்சராக இருக்க வேண்டும். லீவை ரத்து செய்யாதே, தள்ளிப் போடு.

தங்கை

*

ஜூலை 29

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. அத்தானையும் உட்காரச் சொல், காபியைக் கீழே வைத்துவிட்டு.

கடைசி பெஞ்சில் பெரிய டீச்சரும் நிர்வாகத்திலிருந்து இரண்டு பேரும். அதில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார், அதை வைத்தே அவர் எங்கே இருக்கிறார் என்று பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னேன். ஓர் அணிக்கு நேர்க்குச்சி, இன்னோர் அணிக்கு வளைந்தது. பெட்டியில் அடுக்கி மூடுங்கள் என்றேன். நேர்க்குச்சி அணி சட்டென்று மூடியைத் தட்டிக் காட்டியது. இந்தப் பக்கம் ஒரே சலசலப்பு. செருமல்காரரை எழுந்து வந்து மூடிப் பார்க்கச் சொன்னேன். அவரும் அழுத்தினார், பெட்டி முனகியது.

"மூடி இறங்க மாட்டேங்குதே டீச்சர்" என்றார்.

"அதான் சார் எண்ணெய்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மனசுக்குள் முடிந்தது வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. அந்த அணியில் வாயே திறக்காத பெண் ஒருத்தி இருக்கிறாள். சிரிப்பு அடங்கி நான் பாடத்தைத் தொடர்ந்த நேரம் முழுக்க அவள் பெட்டியைக் காலி செய்து, வளைந்த குச்சிகளை ஒவ்வொன்றாகத் தடவித் திருப்பி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். டப் என்று ஒரு சத்தம். மூடி இறங்கிய சத்தம். செருமல்காரர் எழுந்து, "இந்தப் பொண்ணு மூடிட்டாளே. அப்ப நீங்க சொன்னது தப்பா?" என்றார்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா, பார்த்தால்தானே தெரியும். பெட்டியை என் மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லி, மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டேன். ஒவ்வொரு வளைவும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றின் இடுப்புக்குள் அடுத்ததன் இடுப்பு அழகாகப் பொருந்தியிருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. அவளைக் கேட்டேன், "எவ்வளவு நேரம்மா ஆச்சு உனக்கு?" "ரொம்ப நேரம் டீச்சர். யாராவது ஆட்டினா கலைஞ்சிடும்."

நான் வகுப்பைப் பார்த்து, "எண்ணெயைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில வச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன். நாலைந்து குரல் ஒரே நேரத்தில், உறையும் என்றது. ஏன் என்றேன். குளிரில் ஆட்டம் அடங்குகிறது, அடங்கினால் வளைந்ததும் பொறுமையாக இடம் பார்த்துப் படுத்துக்கொள்கிறது, வெளியே எடுத்தால் ஆட்டம் வந்து கலைகிறது. இதை நான் சொல்லவில்லை, அவர்களே ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துச் சொல்லி முடித்தார்கள். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. செருமல்காரர் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாராம், பெரிய டீச்சர் பிறகு சொன்னார்.

வகுப்பு எனக்கே. எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அமிலப் பாட்டில்களை எடுக்கும்போது மட்டும் கூட ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. நியாயம்தான், ஒத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது பெரிய டீச்சர் நாற்காலி எதையும் இழுத்துப் போடவில்லை. "நாளைக்கு முதல் பீரியட் உங்களுக்கு, லேட் பண்ணாதீங்க" என்றார். அந்த அதட்டலைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

தங்கை

*

ஜூலை 30

வாலு,

அத்தான் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். மூடி இறங்கிய இடத்தில் நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

நாற்பது குச்சிக்கும் எண் கொடுத்தவள் நான். வளைந்தவையும் அப்படி அடுக்கிக்கொள்ளும் என்று அந்த ஃபைலிலேயே இருந்தது, அந்த அறையைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் ஏதாவது வாங்கிக் கொடு.

இனி உன்னை இங்கே வந்து இரு என்று கேட்க மாட்டேன். மாடி அறையில் அத்தான் தன் பழைய ரேடியோக்களைப் பரப்பிக்கொள்ளப் போகிறாராம், சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. தள்ளிப் போட்ட லீவு அப்படியே இருக்கிறது. வரட்டுமா? எதையும் தொட மாட்டேன். ஒரு தம்ளரைக்கூட இடம் மாற்ற மாட்டேன். எங்கே உட்காரச் சொல்கிறாயோ அங்கே உட்கார்ந்துகொள்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 1

அக்கா,

வா. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வா. அச்சுக்கடைக்காரர் ஸ்டாண்டில் நிற்பார், உன்னைப் பார்த்து ஏதாவது கிண்டல் செய்வார், பொறுத்துக்கொள்.

அன்றைக்கு எனக்குக் காலையில் வகுப்பு இருக்கிறது, நீ வரும்போது வீட்டில் இருக்க மாட்டேன். சாவி தையல்காரம்மாவிடம். உள்ளே போனால் எது எங்கே என்று உனக்குப் புரிகிற மாதிரியே எழுதுகிறேன். வாசல்படியைப் பூஜ்யமாக வைத்துக்கொள். செருப்பை அங்கேயே இடப்பக்கச் சுவர் ஓரமாக விடு, நடுவில் விட்டால் நான் தடுக்கி விழுவேன். சமையலறை மேடையின் நீளத்தில் கால் பங்கில் உப்பு, பாதியில் சர்க்கரை, கோடியில் அந்தச் சோடா மாவு. கத்தரிக்கோல் நீ மாட்டிய ஆணியில். பசித்தால் போட்டுச் சாப்பிடு, எடுத்ததை எடுத்த இடத்தில் வை, அவ்வளவுதான். தொடவே மாட்டேன் என்றெல்லாம் சத்தியம் பண்ணாதே.

பிறகு உள்ளறைக்குப் போ. நீளத்தில் பாதி, அகலத்தில் முக்கால் பங்கு. அறையின் அளவால் பெருக்க மறந்துவிடாதே. அந்த இடத்தில் ஒரு கட்டில் இருக்கும். வெளியறையில் சும்மா கிடந்ததை நானும் தையல்காரம்மாவும் நேற்று இழுத்துப் போட்டோம். அதன் தலைமாடு என் கட்டிலின் தலைமாட்டை இடித்துக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் நானாக இடம் மாற்றிய பொருள் இது ஒன்றுதான்.

முடியைப் பின்னிக்கொண்டு வராதே, இழுக்க வசதியாக இருக்காது.

வாலு